ஆயிரம் அடிக்குக் கீழே ஆறு ஓடுகிறதா?

வாசகர் கேள்வி: எங்கள் தோட்டம் நான்கு ஏக்கர். அப்பா வெட்டிய திறந்த கிணறு 40 அடி, வற்றிப் பதினைந்து வருடம் ஆகிறது. அப்புறம் போட்ட முதல் போர் 250 அடி, அதுவும் நின்றுவிட்டது. இரண்டாவது 600 அடி. 150 அடிக்குக் கீழே முழுக்கக் கருங்கல் பாறைதான். இப்போது அந்தப் போரிலும் அரை மணி நேரம் ஓடினால் காற்று வருகிறது, மோட்டாரை நிறுத்தி மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. போர் போடுபவர், 1,200 அடிக்குப் போனால் கீழே ஆறு மாதிரி தண்ணீர் ஓடுகிறது என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் போன வருடம் 1,000 அடி போட்ட பிறகுதான் எங்களுக்குக் குறைந்தது என்று எனக்குச் சந்தேகம், அவரிடம் பேச்சு நின்றுவிட்டது. என் மகனோ, சொட்டு நீருக்கு மாறி, மழைநீரைப் பழைய கிணற்றில் விட்டால் போதும், எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்கிறான். கடன் வாங்கிப் போர் போடலாமா, மகன் பேச்சைக் கேட்கலாமா?

பதில்: கடன் வாங்கிப் போர் போட வேண்டாம், இந்த வருடம் வேண்டவே வேண்டாம். உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி, விவரம் தெரிந்தவர்களே செய்கிற தப்பு. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் ஆழம், ஏக்கர், வருடம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் இல்லை. இன்று காலை மோட்டார் போடும் முன் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது? நிலத்தடி நீர் பார்க்கிற வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன், அந்த எண்ணோடு என்னிடம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போர் எத்தனை அடி என்பது எல்லோருக்கும் மனப்பாடம், காசு கொடுத்தது அதற்குத்தானே. தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

அந்த எண் ஏன் வேண்டும் என்றால், போரில் தண்ணீர் குறைவதற்கு இரண்டு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பூமிக்குள் மட்டமே இறங்கியிருக்கும். இன்னொன்று, மட்டம் அப்படியே இருக்கும், உங்கள் போர் கெட்டுப்போயிருக்கும். ஊற்றுக்கண்ணில் உப்புப் படிந்து அடைபட்டிருக்கும், அல்லது இரும்புச் சத்தில் வளரும் ஒருவகைக் கிருமி பிசுபிசுவென்று அப்பியிருக்கும், அல்லது மோட்டாரின் விசிறிகள் தேய்ந்திருக்கும், அல்லது பைப்பில் ஏதோ ஒரு ஜாயிண்டில் ஓட்டை விழுந்து, ஏறிய தண்ணீரில் பாதி போருக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். வெளியே நிற்பவருக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: தண்ணீர் வரவில்லை. ஒருவர் ஒரே வருடத்தில் மூன்று போர் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். முதல் போரிலிருந்து பைப்பை மேலே தூக்கிப் பார்த்தால் நடுவில் பென்சில் நுழைகிற அளவு ஓட்டை.

அளப்பது ரொம்பச் சுலபம். ராத்திரி முழுக்க மோட்டாரை ஓட்டாமல் விட்டுவிட்டு, விடிந்ததும் அளக்க வேண்டும். நீளமான டேப்பின் நுனியில் சின்ன உலோகக் குப்பி ஒன்றைக் கவிழ்த்துக் கட்டி இறக்குங்கள். தண்ணீரைத் தொடும்போது ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்கும், நாலு தடவை தூக்கித் தூக்கிப் போட்டால் அரை அங்குலம் பிசகாமல் சொல்லிவிடலாம். ஓடுகிற போரில் மோட்டார் ஒயர் இருப்பதால் டேப் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது, அளப்பதற்கென்றே அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கூடவே கீழே வரை இறக்கி வைத்துவிடுங்கள். செலவு சொற்பம்.

உங்களிடம் இன்னொரு வசதி இருக்கிறது. செத்துப்போனதாக நீங்கள் நினைக்கிற 250 அடிப் போர். அதில் மோட்டார் இல்லை, ஒயர் இல்லை, யாரும் இறைப்பதில்லை. எங்கள் துறையில் கண்காணிப்புக் கிணறு என்று இப்படி ஒன்றுக்காகத் தனியாகப் பணம் ஒதுக்கித் தோண்டுவார்கள், உங்களுக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது. மாதம் ஒரு தடவை, ஒரே தேதியில், அதில் அளந்து நோட்டில் எழுதுங்கள். தண்ணீரே தட்டுப்படவில்லை என்றால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள், அதுவும் ஒரு செய்திதான். அளந்து முடித்ததும் இரும்பு மூடியைப் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். திறந்து கிடக்கும் போரில் குழந்தைகள் விழுந்த கதைகள் போதும்.

ஓடும் போரில் இரண்டு எண் வேண்டும்: விடியற்காலை மட்டம், அப்புறம் பத்து நிமிடம் இறைத்த பிறகு மட்டம். விடியற்காலை மட்டம் பழையபடி இருந்து, இறைக்கும்போது மட்டும் கிடுகிடுவென்று இறங்கினால் கோளாறு போரில். கம்ப்ரசர் வைத்துக் கழுவினால், சில சமயம் கொஞ்சம் அமிலம் விட்டுக் கழுவினால் சரியாகலாம். இரண்டுமே இறங்கியிருந்தால்தான் பூமியைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தைப் படித்தவரை உங்களுடையது பூமிக்குள் மட்டமே இறங்கிய ரகமாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் அளக்காமல் நம்பாதீர்கள், என் பேச்சையும் சேர்த்துத்தான்.

சரி, அந்த ஆற்றுக்கு வருவோம்.

பூமிக்குள் ஆறு ஓடுகிற இடங்கள் உண்மையிலேயே உண்டு. சுண்ணாம்புப் பாறை கரைந்து குகையான இடங்களில் ஓடுகிறது. கருங்கல்லில் ஓடாது. மற்ற எல்லா இடத்திலும் நிலத்தடி நீர் மணலுக்கும் பாறை இடுக்குகளுக்கும் நடுவே கசிகிறது. அந்த வேகத்துக்குக் கணக்கு எழுதியவர் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். 1856-ல் அவர் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்து எழுதிய விதியைத்தான் இன்றும் நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான இடங்களில் அந்தக் கசிவு ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றிரண்டு மீட்டர்.

தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொண்டு, கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கிற மண், மணல், பாறை அடுக்கைத்தான் நீர்த்தாங்கி என்கிறோம். தாங்கி என்றதும் தொட்டி ஞாபகம் வந்துவிடும், அது ஈரப் பஞ்சுக்குத்தான் பக்கம். மணல் நிலத்தில் ஒரு கன மீட்டர் அடுக்கிலிருந்து வடிந்து வரக்கூடிய தண்ணீர் பத்து முதல் இருபது சதவீதம் வரை இருக்கும். கருங்கல் நாட்டில் அது ஒன்றிலிருந்து மூன்று சதவீதம், அதுவும் மேலே உள்ள மக்கிய பாறையில்தான். அதற்கும் கீழே தண்ணீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும். ஆழம் போகப்போக மேலே உள்ள பாறையின் கனத்தில் வெடிப்புகள் இறுகி மூடிக்கொண்டே வரும். 900 அடியில் நல்ல வெடிப்பு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். கிடைக்காதவர்கள் வெளியே சொல்வதில்லை.

கிடைத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆழத்து வெடிப்புக்குத் தண்ணீர் தனியாக எங்கிருந்தும் வருவதில்லை. மேலே உள்ள மக்கிய பாறையிலிருந்துதான் கசிந்து இறங்க வேண்டும். புதுப் போரில் முதல் சில மாதம் கொட்டுவது அந்த இடுக்குகளில் காலங்காலமாகச் சேர்ந்திருந்த சேமிப்பு. அது தீர்ந்ததும் மேலிருந்து சொட்டுகிற வேகத்துக்குத்தான் வரும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் 600 அடிப் போரில் மோட்டாரை நிறுத்திய உடனே வாயில் காதை வைத்துக் கேளுங்கள். மேலே எங்கிருந்தோ தண்ணீர் கீழே விழுகிற சத்தம் கேட்டால், உங்கள் ஆழத்துப் போர் குடிப்பது அந்த 150 அடிக்கு மேலான தண்ணீரைத்தான்.

போர் போடுபவர் சொல்லாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆறரை அங்குலத் துளையில் ஒரு அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 1,200 அடி வரை போனால் கூடுதலாகக் கிடைக்கிற 600 அடித் துளை கிட்டத்தட்ட 3,900 லிட்டர் பிடிக்கும். ஊற்றுக்கண் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், மோட்டாரைக் கீழே இறக்கினதும் ‘இன்னும் கொஞ்ச நேரம் ஓடுகிறதே’ என்று தோன்றுவது அதனால்தான். இப்போது உங்களுக்கு வரும் அரை மணி நேரத் தண்ணீரிலும் பெரும்பகுதி துளையில் தேங்கியிருந்ததாக இருக்கலாம். அப்புறம் அதைத் தூக்குகிற செலவு. 1,000 லிட்டரை 100 மீட்டர் தூக்கக் கணக்குப்படியே 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் மோட்டார் பாதியை விழுங்கிவிடும், அரை யூனிட்டைத் தாண்டும். 300 மீட்டரிலிருந்து என்றால் மூன்று மடங்கு. மின்சாரத்துக்கு யார் பணம் கட்டினாலும் இது செலவுதான். தரமும் பார்க்க வேண்டும். ஆழத்து நீர் பாறையோடு நீண்ட காலம் ஒட்டியிருந்தது, அதில் உப்பும் ஃபுளோரைடும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஆழம் என்றால் சுத்தம் என்று நினைத்துச் சோதிக்காமல் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

இனி மகன் பேச்சு. ‘எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு எடுக்கலாம்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வங்கியில் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பது மாதிரி. இதில் விடுபட்ட ஒன்றை சார்லஸ் தைஸ் என்ற அமெரிக்க நீரியலாளர் 1940-லேயே சுட்டிக்காட்டினார். கிணறே வெட்டாத காலத்திலும் மழை உள்ளே இறங்கிக்கொண்டுதானே இருந்தது? அப்படியானால் பூமி ஏன் நிரம்பி வழியவில்லை? உள்ளே போன அளவு வேறு எங்கோ வெளியேறிக்கொண்டிருந்தது. ஓடையில் ஊற்றாக, மழை நின்று பல மாதம் கழித்தும் ஆற்றில் ஓடிய நீராக, ஆழ வேர் விட்ட மரங்கள் உறிஞ்சியதாக, கடலோரத்தில் கடலுக்குள் கசிந்ததாக. நீங்கள் இறைக்கும் ஒவ்வொரு குடமும் ஆரம்பத்தில் சேமிப்பிலிருந்து வரும், நாளாக ஆக அந்த ஓடையிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும். உள்ளே போவதை முழுக்க எடுத்தால், கடைசியில் வெளியே போவது பூஜ்யம். ஆறு காய்ந்துவிடும். கிணற்று மட்டம் மட்டும் ஒரு இடத்தில் அசையாமல் நிற்கும், கணக்குப் புத்தகமும் சரியாக இருக்கும்.

அதனால் ‘பாதுகாப்பாக எடுக்கக்கூடிய அளவு’ என்று பூமியே ஒரு எண்ணை எழுதி வைத்திருக்கவில்லை. எதை இழக்கச் சம்மதம் என்று மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கலிபோர்னியா 2014-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். இவ்வளவு லிட்டர் என்று ஒரே எண்ணை எல்லோர் தலையிலும் கட்டாமல், நடக்கக் கூடாதவை என்று ஆறு விளைவுகளைப் பட்டியலிட்டது. மட்டம் தொடர்ந்து இறங்குவது, சேமிப்பு குறைவது, கடல்நீர் உள்ளே ஏறுவது, தரம் கெடுவது, நிலம் அமிழ்வது, ஆறு ஓடைகள் வற்றுவது. ஒவ்வொரு பகுதியும் தனக்கு எல்லைகளை வகுத்து, அதற்குள் நிற்கத் திட்டம் போட வேண்டும்.

நிலம் அமிழ்வது என்பது சும்மா பயமுறுத்தல் இல்லை. களிமண் அடுக்குகள் உள்ள இடத்தில் தண்ணீரை எடுத்தால் அந்த அடுக்கு நசுங்கும், நசுங்கியது திரும்ப உப்பாது. அதே கலிபோர்னியாவின் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில் மெண்டோட்டா ஊருக்கு அருகே 1925-க்கும் 1977-க்கும் இடையில் நிலம் 28 அடி தாழ்ந்தது. தந்திக் கம்பத்தில் 1925-ல் தரை இருந்த உயரத்தைப் பலகை அடித்துக் காட்டி, ஒரு ஆய்வாளர் அடியில் நிற்கிற படம் எங்கள் துறையில் எல்லோரும் பார்த்தது. பலகை மூன்று மாடி உயரத்தில் இருக்கும். மெக்சிகோ நகரத்தில் சில பகுதிகள் இன்றும் வருடத்துக்கு அரை மீட்டர் வரை இறங்குகின்றன. உங்களுடையது கருங்கல், அந்தப் பயம் இல்லை. கடலோர வாசகர்களுக்கு வேறு கணக்கு: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை உப்புநீரை அது தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால் காலப்போக்கில் கீழே உப்பு 40 மீட்டர் ஏறும்.

உங்கள் நான்கு ஏக்கருக்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை, அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், பாறை நிலத்துக்கு இது தாராளமான கணக்கு. நான்கு ஏக்கரில் அது சுமார் 1,300 கன மீட்டர். மழை போக, போரிலிருந்து ஒரு பயிருக்கு 500 மில்லிமீட்டர் பாய்ச்ச வேண்டும் என்றால் ஒரு ஏக்கருக்கே 2,000 கன மீட்டர் ஆகிறது. ஆக, உங்கள் நிலத்தின் மழை உங்களுக்குச் சொந்தமாகத் தருவது முக்கால் ஏக்கர்கூட இல்லை. மீதி மூன்றேகால் ஏக்கர் இத்தனை வருடம் யாருடைய தண்ணீரில் விளைந்தது? மேட்டு நிலம், தரிசு நிலம், அப்புறம் அந்தக் காய்ந்த ஓடை. கொஞ்சம் பேர் மட்டும் இறைத்த காலத்தில் இது ஓடியது. உங்கள் ஊர் மழை அளவைப் போட்டு மகனையே திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள், கையால் போட்டுப் பார்த்தால்தான் மனதில் உறைக்கும்.

மழைநீரைக் கிணற்றில் விடுவது நல்ல வேலை, செய்யுங்கள். எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதுர மீட்டர் கூரையிலிருந்து அதே 800 மில்லிமீட்டர் மழையில் 60 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கலாம். வீட்டுக்கு அது பெரிய விஷயம், வயலுக்கு ஓரம் நனையாது. வயலில் ஓடும் வெள்ளத்தையும் சேர்த்துத் திருப்பினால்தான் பயன். அதை நேரே விடாமல், முதலில் ஒரு குழியில் நிற்க வைத்து வண்டலைப் படியவிட்டு, ஜல்லி மணல் வழியாக வடித்துத்தான் கிணற்றுக்குள் விட வேண்டும். வண்டலோடு விட்டால் இரண்டு மழையில் ஊற்றுக்கண் அடைந்து, அப்புறம் அது வெறும் குளம். திறந்த கிணற்றில் மட்டும் விடுங்கள். போருக்குள் நேரடியாக வயல் தண்ணீரை விடவே கூடாது. உரமும் பூச்சி மருந்தும் வடிகட்டாமல் நேரே குடிநீருக்குப் போய்ச் சேரும், யாராலும் திருப்பி எடுக்க முடியாது. இன்னொன்று, நீங்கள் உள்ளே விட்ட தண்ணீர் உங்கள் பெயர் எழுதிக்கொண்டு நிற்காது. பக்கத்துப் போரும் குடிக்கும்.

சொட்டு நீர் விஷயத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை விற்கிறவர்கள், வாய்க்காலில் பாய்ச்சினால் பாதி வீண் என்பார்கள். அந்த வீணில் ஒரு பங்கு ஆவியாகிறது, அது நிஜ நஷ்டம். இன்னொரு பங்கு வேருக்குக் கீழே இறங்கி மறுபடி நிலத்தடி நீரில் சேர்கிறது, அது நஷ்டமே இல்லை. பயிர் குடித்து இலை வழியாக வெளியே விடுவதுதான் உண்மையில் போகிற தண்ணீர், சொட்டு நீர் அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. மிச்சமானது என்று நினைத்து இன்னும் ஒரு ஏக்கர் சேர்த்தால் முன்பைவிட அதிகம் போகும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விவசாயிகள் சிக்கனத் தெளிப்பு முனைகளுக்கு மாறிய பிறகு மொத்த இறைப்பு குறையவில்லை, கூடியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அதிகத் தண்ணீர் கேட்கும் பயிருக்கு மாறியிருந்தார்கள். ஆகவே மகனிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: சொட்டு நீர் வரட்டும், ஆனால் பாசனப் பரப்பு ஒரு சென்ட் கூடக் கூடக் கூடாது.

அதே கான்சஸில் வேறொன்றும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அங்கே அடியில் இருப்பது ஓகல்லாலா என்ற பெரிய நீர்த்தாங்கி, எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்தது. அதன் தெற்கு, நடுப் பகுதிகளில் மழை உள்ளே இறங்குவது மிகக் குறைவு, அங்கே எடுப்பதில் பெரும்பங்கு ஆயிரக்கணக்கான வருடம் பழைய தண்ணீர். மாநிலத்தின் வடமேற்கில் ஷெரிடன், தாமஸ் என்ற இரண்டு வட்டாரங்களின் எல்லையில், சுமார் நூறு சதுர மைல் பரப்பில் விவசாயம் செய்தவர்கள் கூடிப் பேசி, ஐந்து வருடத்துக்கு ஏக்கருக்கு 55 அங்குலத் தண்ணீர் என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு கேட்டு வாங்கினார்கள். 2013-ல் ஆரம்பித்தது. வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டாமல் ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கொடுத்ததுதான் அதில் கெட்டிக்காரத்தனம். மழை நன்றாகப் பெய்த வருடம் சேமித்து, காய்ந்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். இறைப்பு கால் பங்குக்கு மேல் குறைந்தது, வருமானம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஐந்து வருடம் முடிந்ததும் அவர்களே நீட்டித்துக்கொண்டார்கள். பிரிவதற்கு முந்தைய ஆந்திராவில் வறண்ட ஏழு மாவட்டங்களின் கிராமங்களில் விவசாயிகளே மழைமானி வைத்து, கிணற்று மட்டத்தை அளந்து, பயிர் வைக்கும் முன் ஊர்க்கூட்டத்தில் தண்ணீர் வரவு செலவு எழுதிப் பார்த்த ஒரு திட்டமும் உண்டு. அங்கே யாரும் யாருக்கும் தடை போடவில்லை. எண் கண்ணுக்குத் தெரிந்ததும் பலர் தாங்களாகவே பயிரை மாற்றிக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் விஷயத்தில் தனியாக நீங்கள் மட்டும் சிக்கனமாக இருந்தால் நடக்கப்போவது எனக்குத் தெரியும். நீங்கள் விட்டுவைத்ததைப் பக்கத்துக்காரர் எடுப்பார். அவர் மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு போரும் இறைக்கும்போது தன்னைச் சுற்றி ஒரு புனல் மாதிரி மட்டத்தை இறக்கும். இரண்டு புனல்கள் ஒன்றையொன்று தொட்டால் இருவருக்கும் குறையும். ஆனால் உங்கள் 600 அடி வந்தபோது யாரோ ஒருவருடைய 200 அடி இப்படித்தான் நின்றிருக்கும். இதைச் சண்டையாக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அவர் இரண்டு நாள் நிறுத்தட்டும், நீங்களும் நிறுத்துங்கள், உங்கள் போரில் மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் மட்டும் நான்கு மணி நேரம் ஓட்டட்டும், மணிக்கொரு தரம் அளங்கள். இறங்கினால் தொடர்பு இருக்கிறது, அசையவில்லை என்றால் நீங்கள் ஒரு வருடமாகச் சும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. கருங்கல் நிலத்தின் ஏழ்மைதான் அதன் பலமும். இரண்டு சதவீதம்தான் தண்ணீர் பிடிக்கும் என்றால், வெறும் 30 மில்லிமீட்டர் உள்ளே இறங்கினாலே மட்டம் ஒன்றரை மீட்டர் ஏறும். ஓகல்லாலாவின் தெற்கைப் போல, நம் பேரப்பிள்ளை காலம்வரை திரும்பாத இழப்பு இல்லை இது. இரண்டு நல்ல மழைக்காலமும் கொஞ்சம் கைக்கட்டுப்பாடும் இருந்தால் திரும்பும். பெரிய அளவிலும் திரும்பியிருக்கிறது. டோக்கியோவில் தொழிற்சாலைகள் உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்திய பிறகு மட்டம் ஏறியது. எவ்வளவு ஏறியது என்றால், மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய பாதாள ரயில் நிலையங்களைத் தண்ணீர் அடியிலிருந்து தூக்க ஆரம்பித்தது. டோக்கியோ, உவேனோ நிலையங்களை எடை வைத்தும் நங்கூரம் அடித்தும் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. 2024-ல் வந்த ஓர் ஆய்வு, நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 1,70,000 கிணறுகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது. நீர்த்தாங்கிகளில் 30 சதவீதத்தில் சரிவு முன்னைவிட வேகமாகியிருக்கிறது, அது கவலைதான். சில இடங்களில் சரிவு நின்று திரும்பியிருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. அந்த 1,70,000 கிணறுகளிலும் யாரோ மட்டத்தை அளந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மோட்டாரை மேலே எடுத்து, பைப் ஜாயிண்டையும் விசிறியையும் பாருங்கள். கையோடு போரைக் கம்ப்ரசர் வைத்துக் கழுவுங்கள், அளவுக் குழாயையும் இறக்கிவிடுங்கள். பிறகு உங்கள் போர் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்து, அந்த வேகத்துக்கு ஏற்ற சின்ன மோட்டாராக மாற்றுங்கள். பெரிய மோட்டார் அரை மணியில் காலி செய்து காற்றைக் குடிப்பதைவிட, சின்னது மெதுவாக நீண்ட நேரம் ஓடுவது போருக்கும் நல்லது, ஒயரிங்குக்கும் நல்லது. தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும் கருவி ஒன்றும் கட்டாயம். மேலே ஒரு தொட்டி கட்டிச் சேர்த்து, அங்கிருந்து சொட்டு நீருக்கு விடலாம். போருக்கு வாங்க நினைத்த கடனில் சிறு பகுதியில் இத்தனையும் முடிந்துவிடும்.

பரப்பு விஷயத்தில் மட்டும் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் பருவம் ஒன்றரை ஏக்கருக்கு மேல் போரை நம்பிப் பயிர் வைக்காதீர்கள். மீதியை மானாவாரியாக விடுங்கள். மழை முடிந்து ஒரு மாதம் கழித்து 250 அடிப் போரில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம். அந்த எண்ணையும், மழைக்கு முந்தைய எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 1,200 அடியா, வேண்டாமா என்ற கேள்விக்கு அப்போது என்னால் ஊகம் இல்லாமல் பதில் சொல்ல முடியும்.

டேப் வாங்கும்போது 300 மீட்டராகவே வாங்கிவிடுங்கள். உங்கள் போருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். பக்கத்து நிலத்தில் இருப்பது 1,000 அடி, அதிலும் அளக்க வேண்டியிருக்கும்.